இடதுகை வெட்டு

கடல் தாண்டி வந்த அந்த அட்டைப்பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு மேனேஜர் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். மின்சாரம் போனால் சிரிப்பார், ஆள் குறைப்பு என்றாலும் சிரிப்பார். துக்க வீட்டுக்குப் போனால் என்ன செய்வாரோ தெரியாது.

"முப்பது பீஸ் இருக்கும்மா. பாத்து ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"பாக்கறேன். போடணும்னா போடறேன். போட்டுடுங்கன்னு முன்னாடியே சொல்றதா இருந்தா நான் எதுக்கு? ஒரு ரப்பர் ஸ்டாம்பு வாங்கி வெச்சுக்கோங்க" என்றேன்.

அதற்கும் சிரித்துவிட்டுப் போனார். சோதனை அறையின் கண்ணாடிக்கு வெளியே பிசிறு வெட்டும் பெண்கள் இருபத்தாறு பேரும் வேலை செய்வது போல் குனிந்துகொண்டு என்னையே பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் என்ன தூக்குத் தண்டனையா எழுதப் போகிறேன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ஆமாம், ஏறக்குறைய அதைத்தான் என்றும் தோன்றியது.

எங்கள் தொழிற்சாலையில் காருக்கான ரப்பர் உறை செய்கிறோம். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆக்சில் மடங்கித் திரும்பும் இடத்தில் கிரீஸ் வெளியே சிந்தாமல், மண் உள்ளே போகாமல் மூடுகிற உறை. துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். அது கிழிந்தால் ஆக்சில் போச்சு. கார் செய்த கம்பெனி விற்கும் அசல் உறை வேறு. எங்களுடையது வெளிச்சந்தைச் சரக்கு. வண்டி பழசாகி, ஷோரூம் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் மெக்கானிக்கிடம் போய், "நல்லதாவும் இருக்கணும், விலையும் கம்மியா இருக்கணும்" என்று கேட்பார்களே, அவர்களுக்கானது. ஒரே உறை சிவப்பு, நீலம், வெள்ளை என்று மூன்று பெட்டிகளில் மூன்று விலைக்குப் போகும். நீலப் பெட்டிதான் உசத்தி என்று சத்தியம் செய்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

வெளிச்சந்தைச் சரக்கு என்றால் காப்பிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அசலை வாங்கி, அளந்து, அச்சு வெட்டி, அதே மாதிரி செய்வோம். முதல் அச்சு வெட்டியபோது, வாங்கி வந்த அசல் உறையின் விளிம்பில் மச்சம் மாதிரி ஒரு சின்ன மேடு இருந்தது. எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. எதற்கு வம்பு என்று அதையும் சேர்த்து வெட்டினோம். பன்னிரண்டு வருஷம் கழித்து வேறொரு அசலைப் பார்த்தால் அதில் மச்சமே இல்லை. அந்த ஒரு உறையில் மட்டும் இருந்த பழுது அது. ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அது நாங்கள்தான்.

இந்த வேலை எல்லாம் கடல் கடந்து போகப்போகிற செய்தியை மூன்று மாதம் முன்பு மேனேஜர் எங்களை நிற்கவைத்துச் சொன்னார். "வாங்கறவங்க வருஷா வருஷம் விலையக் குறைன்னு கேக்கறாங்க. போட்டிக்காரன் குறைச்சுட்டான். நாம இங்க ஒரு உறை செய்யற செலவுல அங்க மூணு செய்யலாம், கப்பல் கூலியும் சேத்து. அங்க கூலி கம்மி, கரண்டு கம்மி, ரப்பர் தோட்டம் பக்கத்துலயே இருக்கு. வண்டி ஓட்டறவனுக்கு இது எங்க செஞ்சதுன்னே தெரியாது. வண்டிக்கு அடியில இருக்கற சாமான்தானே?"

"அப்ப பெட்டி?" என்று கேட்டாள் ஒருத்தி. வாயாடி என்றுதான் அவளுக்குப் பெயர்.

"பெட்டி இங்கதான் அச்சடிப்போம்."

"உள்ள இருக்கறது அவங்க ஊரு, மேல இருக்கற அட்டை மட்டும் நம்ம ஊரு. நல்லா இருக்கு சார் குடித்தனம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் முதலில் சிரித்தார்.

ஆனால் ஒரு தடை இருந்தது. வாங்குகிறவர்கள் என் கையெழுத்து இல்லாமல் புது இடத்துச் சரக்கை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் நல்லதைக் கெட்டது என்றும் எழுதியதில்லை, கெட்டதை நல்லது என்றும் எழுதியதில்லை. என்னைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவது அதனால்தான். நான் சரி என்று கையெழுத்துப் போட்டால் இந்த மாதக் கடைசியில் இங்கே வேலை நின்றுவிடும். தவறு என்று எழுதினால் அங்கே அச்சைத் திருத்தி மறுபடி சாம்பிள் அனுப்ப மூன்று மாதம் ஆகும்.

அந்த மூன்று மாதம் எல்லோருக்கும் வேண்டும், என் தங்கைக்கு உயிர் மாதிரி வேண்டும். அவளும் பிசிறு வெட்டும் பிரிவில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் இடுப்பெலும்பு தேய்ந்து நாலு வருஷமாக ஊன்றுகோலும் கட்டிலுமாகக் கிடக்கிறார். அறுவை சிகிச்சைக்கு வரிசையில் காத்திருந்து காத்திருந்து ஒருவழியாகத் தேதி கிடைத்திருந்தது. இன்னும் பத்து வாரம். அது அவள் கம்பெனி மருத்துவ அட்டையில் கிடைத்த தேதி. வேலை போகிற அன்றே அட்டையும் செல்லாது, தேதியும் செல்லாது. மேனேஜரிடம் நானே கேட்டுப் பார்த்தேன். ரூல் அப்படிம்மா என்றார், சிரித்துக்கொண்டே.

நானும் அவர்களோடுதான் இருக்கிறேன். எனக்கு வேறு குடும்பம் இல்லை. பெட்டி வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மாப்பிள்ளை கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தார். "வாங்க அண்ணி. என் இடுப்பு இப்ப உங்க கண்ணாடிக்கு அடியில இருக்கறதாக் கேள்விப்பட்டேன். கொஞ்சம் பாத்துப் பிடிங்க, கூசும்."

"உங்க வாய்க்கு ஒரு ஆபரேஷன் இருந்தா முதல்ல அதுக்குத் தேதி வாங்கியிருப்பேன்" என்றேன்.

தங்கை ஒன்றுமே கேட்கவில்லை. தட்டை வைத்தாள், தண்ணீர் வைத்தாள், ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். கேட்காதவளைத் திட்டவும் முடியவில்லை.

மறுநாளிலிருந்து சோதனை. அளவு பார்த்தேன், மயிரிழைகூடப் பிசகவில்லை. கிரீஸ் நிரப்பி இயந்திரத்தில் மாட்டி இரண்டு பகல் சுற்றவிட்டேன், ஒரு சொட்டுக் கசியவில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்து வளைத்தேன், வெடிக்கவில்லை. சொன்னால் என்ன, ரப்பர் எங்களுடையதைப் போலவே நன்றாக இருந்தது. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், பார்த்ததையே மறுபடி பார்த்தேன். பிழையைத் தேடி இப்படி நான் அலைந்ததே இல்லை. பிழை தானாக என்னிடம் வரும்.

நாலாம் நாள் பூதக்கண்ணாடிக்கு அடியில் விளிம்பைப் பார்த்தபோது வந்தது.

அச்சிலிருந்து எடுத்ததும் உறையின் வாயைச் சுற்றிப் பிசிறு நிற்கும். அதைப் பிளேடால் ஒரே சுற்றில் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன வால் விழும். வலதுகைக்காரர்களுக்கு அது வலப்பக்கம் சாயும். எங்கள் இருபத்தாறு பேரில் ஒருத்திக்கு மட்டும் இடப்பக்கம் சாயும். என் தங்கைக்கு. அவள் இடதுகைக்காரி. பிரிவிலேயே வேகமான கையும் அவளுடையதுதான்.

முப்பது உறையிலும் வால் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அடப்பாவிகளா! மாதிரிக்கு என்று இங்கிருந்து போன எங்கள் உறையையே துடைத்து, வேறு பையில் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! செய்யத் தெரியாமல் எங்கள் சரக்கையே எங்களுக்குக் காட்டி ஏமாற்றப் பார்க்கிறார்கள்! ஒன்று மட்டும் இடித்தது. இரண்டு உறைகளில் கழுத்து மடிப்பில் பிளேடு வழுக்கிய கீறல் இருந்தது. தங்கை அப்படிக் கீறுகிறவள் இல்லை. ஆனால் அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

"இது அவங்க செஞ்சதே இல்ல. இது என் தங்கச்சி வெட்டு. நான் கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்."

"கண்ணை மூடிட்டா சோதனை பண்றீங்க?" என்று சிரித்தார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. வாங்குகிறவர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். "இருங்க, நேர்லயே பாத்துருவோம். வீடியோல கூப்பிடறேன். அவங்க வெட்டறதக் காட்டட்டும்" என்றார்.

செய்தி எனக்கு முன்னால் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாயாடி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அக்கா, உன் கண்ணுக்குக் கற்பூரம் சுத்தணும்" என்றாள். தங்கை மட்டும் அந்த உறையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் வெட்டு மாதிரிதான் இருக்குக்கா. ஆனா நான் இங்க கீற மாட்டேனே."

"சும்மா இரு" என்றேன்.

மேனேஜர் கைபேசியை வெட்டும் மேசையின் மேல் ஒரு பெட்டியில் சாய்த்து நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். திரையில் அவர்களுடைய கூடம் தெரிந்தது. எங்களுடையதைப் போலவே நீள மேசை, எங்களுடையதைப் போலவே குழல்விளக்கு, எங்களுடையதைப் போலவே தலையில் வலை மாட்டிய பெண்கள். அந்தப் பக்கத்து மேற்பார்வையாளர் ஒரு பெண்ணிடம் ஏதோ சொல்ல, அவள் உறையை எடுத்தாள். பிளேடை இடது கையில் பிடித்தாள். சுற்றினாள். பக்கத்தில் இருந்தவளும் இடது கையில். அதற்கடுத்தவளும். மேசை முழுக்க இடது கை.

பிறகு தங்கை மெதுவாகச் சொன்னாள். "நாலு மாசம் முன்னாடி ரெண்டு பேர் வந்து என் கைய மட்டும் படம் எடுத்தாங்கக்கா. பாதுகாப்பு வீடியோன்னு சொன்னாங்க. நானும் பெருசா நெனைக்கல."

புரிந்துவிட்டது. இருப்பதில் வேகமான கையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். படத்தில் உள்ளபடியே செய்ய வேண்டும், இம்மி மாறக்கூடாது என்று அங்கே உத்தரவு. நாங்கள் மச்சத்தைக் காப்பியடித்தது போல அவர்கள் இடதுகையைக் காப்பியடித்திருக்கிறார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை பேர் முன்னால் கத்தியது நான்தானே.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். எல்லோருக்கும் முன்னால் நான்தான் பார்த்தேன், என் கண் அப்படிப்பட்டது. அந்தப் பெண்களின் வலது கட்டைவிரலில் கட்டு. முதல் பெண்ணுக்கு அழுக்கான ஒட்டுப்பிளாஸ்திரி. அடுத்தவளுக்குத் துணி. வரிசையாக எல்லோருக்கும். பழக்கமில்லாத கையில் பிளேடு பிடித்தால் அது கழுத்து மடிப்பில் வழுக்கி, உறையைப் பிடித்திருக்கிற மறுகையின் கட்டைவிரலுக்குத்தான் போகும். அந்த இரண்டு கீறல்களும் அங்கிருந்து வந்தவை.

ஒரே நொடியில் எனக்குக் கணக்குப் புரிந்தது. கீறல் கீறல்தான். அதற்காக இந்தச் சாம்பிளைத் தள்ளலாம், ஒரு பொய்யும் இல்லை. காரணம் அச்சு என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். அச்சைக் கழற்றித் திருத்துவார்கள். மூன்று மாதம். மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் முடிந்து எழுந்து நடந்துவிடுவார். நான் ஒரு வார்த்தை பொய் எழுத வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும்.

"சரி, போதும், பாத்தாச்சு. வெச்சுடுங்க" என்று கைபேசியை எடுக்கக் கை நீட்டினேன்.

"இருக்கா" என்றாள் தங்கை.

திரையில் அந்த முதல் பெண்ணுக்குப் பிளேடு வழுக்கியது. சத்தம் போடவில்லை. மேற்பார்வையாளர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் உறையை எடுத்தாள்.

"அடியே, அந்தக் கையில வெட்டாதடி!" என்று கத்தினாள் என் தங்கை. "உன் கையால வெட்டு! சோறு திங்கற கையால! அது என் கைடி, உனக்கு எதுக்கு?"

அந்தப் பெண்ணுக்கு நம் பேச்சு எங்கே புரியும்? மிரண்டு பார்த்தாள். தங்கை பக்கத்தில் இருந்த வாயாடியின் தோளைப் பிடித்து இழுத்தாள். "நீ வலது கையில வெட்டிக் காட்டு."

வாயாடி கையை உதறினாள். "பைத்தியமா உனக்கு? உக்காந்திருக்கற கொம்பையே வெட்டச் சொல்றியே!"

நான் தங்கையின் கையைப் பிடித்தேன். "வேண்டாம்டி" என்றேன். அவள் என்னை விலக்கிவிட்டுப் பிளேடை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். கைபேசிக்கு முன்னால் குனிந்து, ஓர் உறையை எடுத்து, நடுங்கி நடுங்கி எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். வெட்டு கன்னாபின்னா என்று வந்தது. கழுத்து மடிப்பு வந்ததும் நிறுத்தி, பிளேடை எப்படிச் சாய்க்க வேண்டும், கட்டைவிரலை எங்கே மடக்கிக்கொள்ள வேண்டும் என்று மூன்று முறை காட்டினாள். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பிளேடைக் கை மாற்றினாள். வெட்டினாள். ஒரே சுற்று, வெண்ணெய் மாதிரி.

மேனேஜர் கைதட்டினார். "அட, இந்தக் கீறலப் பாத்து அச்சுல குறையோன்னு பயந்தேன். இவ்வளவுதானா விஷயம்? பத்து நாள்ல புது சாம்பிள் வந்துரும்."

அன்று யாரும் தங்கையோடு சாப்பிட உட்காரவில்லை.

வீட்டுக்கு வரும்வரை நான் வாயை அடக்கிக்கொண்டேன். கதவைச் சாத்தியதும் வெடித்தேன். "உனக்குப் புத்தி இருக்கா? ஊர்ப் புள்ளைங்க விரலப் பாத்துட்டு உன் புருஷன் இடுப்ப மறந்துட்டியே! பெரிய தர்மப்பிரபு! ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியலையா உன்னால?"

"அந்தப் பொண்ணு என் கையப் பாத்துத்தானே அவ கைய அறுத்துக்கிட்டாக்கா."

"நீயா அறுக்கச் சொன்ன?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு மட்டும் பயம் இல்லையா? நான் யோசிச்சுச் செய்யலக்கா. யோசிச்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்."

உள்ளே இருந்து மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதாவது கிண்டலாகச் சொல்வார் என்று பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் என்னிடம் இரண்டொரு வார்த்தை பேசினார், அவளிடம் ஒன்றும் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் இரண்டாவது பெட்டி வந்தது. நான் விடவில்லை. அளந்தேன், சுற்றினேன், வளைத்தேன், கழுத்து மடிப்பை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். கண் எரிந்து நீர் வழிகிறவரை பார்த்தேன். முப்பதிலும் வால் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல சரக்கைப் பார்த்து இவ்வளவு வயிறெரிந்ததில்லை.

பெட்டி வந்த மூன்றாம் நாள் மேனேஜர் வந்து நின்றார். தாள் தயாராக இருந்தது. பேனாவை எடுத்தேன், கீழே வைத்தேன்.

"அவங்கள வீடியோல கூப்பிடுங்க."

"இன்னும் என்னம்மா பாக்கணும்? எல்லாந்தான் பாத்துட்டீங்களே?"

"கூப்பிடுங்க சார். இல்லன்னா கையெழுத்து இல்ல."

கூப்பிட்டார். அதே கூடம், அதே மேசை. கைபேசியை அந்தப் பெண்களின் கைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னேன். உறையைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு கட்டைவிரலாகப் பார்த்தேன். நகத்துக்குக் கீழே வெள்ளைத் தழும்பு, அவ்வளவுதான். கட்டு எங்கேயும் இல்லை. அந்த முதல் பெண் என்னைக் கூர்ந்து பார்த்தாள். எனக்குப் பின்னால் யாரையோ தேடுவது போல இருந்தது. நான் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் தாளை எடுத்துக்கொண்டார். அன்று ஏனோ அவர் சிரிக்கவில்லை.

அழுகை வந்தது. கோபமாகத்தான் வந்தது. தங்கை பார்ப்பதற்கு முன்பே நான் அந்தக் கட்டுகளைப் பார்த்துவிட்டேன் என்பதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு பிரிவுக்குப் போனேன். மேசைக் கோடியில் அவள் தனியாக உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தாள், இடது கையால், எப்போதும் போல வேகமாக.

"போட்டுட்டேன்டி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கையில் இருந்த உறையை முடித்துக் கூடையில் போட்டாள். "விரலுக்கெல்லாம் ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு. நான் கேட்டுப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றாள். அடுத்த உறையை எடுத்தவள், அதை வெட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள். "அக்கா, அவர்கிட்ட நீயே சொல்லிடறியா? எனக்கு வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு" என்றாள்.